பின்னால் நிற்கும் ஒருவர்

பள்ளிக்கூடத் தெரு – 11

சென்ற இதழில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிய கதையைப் பார்த்தோம். சொந்தமாகக் கல்வி வாரியம் இல்லாத ஆட்சிப்பகுதி இது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்தன; மாகே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் சார்ந்திருந்தன. 2023-24 கல்வியாண்டில் மேல் வகுப்புகளும் மாறத் தொடங்கின. 2025இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக 10, 12ஆம் வகுப்புத் தேர்வுகளை மத்திய வாரியத்தின்கீழ் எழுதினார்கள். பிள்ளைகள் பட்ட பாட்டைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியது. ஆசிரியர்கள் பட்ட பாடு அவ்வளவாக வெளியே வரவில்லை. வருடக்கணக்கில் ஒரு புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்திக் கைபழகியவர்கள், வேறொரு புத்தகத்தை முதலில் தாங்களே படித்து முடிக்க வேண்டியிருந்தது. எங்கே படித்தார்கள்? பெரும்பாலும் பிள்ளைகள் பார்க்கிற அதே கைபேசித் திரையில்தான்.

அந்தக் கட்டுரைக்குத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தபோது நெல்லித்தோப்பில் ஒரு தகப்பனார் கேட்டார்: “எல்லாப் பாடமும் யூடியூப்ல இருக்கு சார். வாத்தியாரும் அதையேதான் பார்க்கிறாரு, பிள்ளையும் அதையேதான் பார்க்குது. அப்புறம் நடுவுல வாத்தியார் எதுக்கு?”

அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. வாங்குகிற சம்பளத்தில் பாதியை டியூஷனுக்குக் கட்டுகிறவர் கேட்கிற கேள்வி அது. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ‘குரு தெய்வம்’ என்று செப்டம்பர் 5ஆம் தேதி மேடையில் பேசுவது அவருக்குப் பதிலாகாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். ஒரே ஆளை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிடலாம் என்ற ஆசை இணையத்தோடு பிறந்ததில்லை. அது நம் திண்ணையிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய ஆசை. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதி மாதிரியான தெருக்களில், வீட்டு முகப்பில் திண்ணையும் அதற்கு வெளியே தெருவோரம் தாழ்வாரமும் இன்னும் மிச்சமிருக்கின்றன. தமிழகம் முழுவதும் இப்படிப்பட்ட திண்ணைகளில்தான் பிள்ளைகள் மணலில் விரல் வைத்து எழுதினார்கள். அண்ணாவி என்ற ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பலர். மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படியே செய்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தபோது ஒரு சிறுவனையே வாத்தியாராக்கினார். 1797இல் அதை ஒரு நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. செலவு குறைவு, எண்ணிக்கை அதிகம். அன்றைய ஆட்சியாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? அரை நூற்றாண்டில் அது சலித்துப்போனது. 1846இல் இங்கிலாந்து அரசு, ஆசிரியராக வர விரும்பும் இளைஞர்களுக்குப் படியளித்துப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. மணலில் எழுத்தைப் பரப்ப ஒரு பையன் போதும். எழுத்துக்கு அப்பால் போகப் பயிற்சி பெற்ற ஆள் தேவைப்பட்டது.

இன்றைக்குத் திரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு பரிசோதனையும் நம் கடற்கரையில்தான் நடந்தது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கதைதான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999இல் தில்லி கால்காஜியில் தன் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதியைப் பார்த்து ஒரு கணினியை வைத்தார். பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். ‘சுவரில் ஓட்டை’ உலகப் புகழ் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் இன்னும் துணிந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஆங்கிலம் சரளமாக வராத தமிழ்ப் பிள்ளைகள், ஒரு கிராமத்தில், ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியலைத் தாங்களாகவே கற்க முடியுமா? சுனாமி அடித்த சோழமண்டலக் கரையில், காளிக்குப்பம் என்ற ஊரில் கணினிகளை வைத்தார். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியர் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துப் போய்க் கேட்டபோது, ஒன்றும் புரியவில்லை என்றுதான் பிள்ளைகள் முதலில் சொன்னார்களாம். பிறகு ஒரு சிறுமி, டிஎன்ஏ மூலக்கூறு சரியாகப் படியெடுக்கப்படாவிட்டால் நோய் வரும், அதைத் தவிர வேறொன்றும் புரியவில்லை என்றாளாம். தேர்வு வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்தவர்கள் சுமார் 30 விழுக்காட்டுக்கு வந்திருந்தார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் அதே பாடத்தை ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்கு இணையான மதிப்பெண் இது. இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆசிரியர் வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

மித்ரா அங்கே நிறுத்தவில்லை. 30 போதாது, 50 வேண்டும் என்று நினைத்தார். பிள்ளைகளோடு விளையாடும் பழக்கமுள்ள, கணக்கெழுதும் வேலையில் இருந்த 22 வயதுப் பெண் ஒருவரை உதவிக்குக் கேட்டார். எனக்கு அந்தப் பாடம் தெரியாதே என்றார் அவர். தெரிய வேண்டாம், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொள், எப்படிக் கண்டுபிடிச்சே, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கு, எனக்கும் சொல்லேன் என்று கேட்டுக்கொண்டே இரு என்றார் மித்ரா. இன்னும் இரண்டு மாதம் போயிற்று. மதிப்பெண் சுமார் 50 ஆனது. தில்லியில் தகுதி பெற்ற ஆசிரியர்களிடம் படித்த, ஆங்கிலம் சரளமாகப் பேசும் தனியார் பள்ளிப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். 2010இல் ஆய்விதழில் வெளியான முடிவு இது.

கணினி 30 வரை கொண்டுவந்தது. மிச்ச 20 ஒரு மனுஷியால் வந்தது. பாடத்தில் ஒரு வரிகூடத் தெரியாதவர். ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தெரிந்தவர். அவர்கள் செய்வதைப் பார்க்கவும் கேட்கவும் ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்களை மேலும் தேடவைத்தது. மித்ரா இதைப் ‘பாட்டி முறை’ என்றார். 2009 வாக்கில் இங்கிலாந்துப் பாட்டிமாரைத் திரட்டி, ஸ்கைப் வழியே இந்தியப் பிள்ளைகளோடு பேசவும் வைத்தார். ஆசிரியரின் இடம் பற்றி இந்த ஒரு பரிசோதனை சொல்கிற அளவுக்கு எந்தக் கொள்கை அறிக்கையும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. எல்லா ஊரிலும் இது கைகூடவும் இல்லை. உத்தராகண்டின் அல்மோரா பகுதியில் சுவர்க் கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததை ஆய்வாளர் பாயல் அரோரா எழுதியிருக்கிறார்.

பின்னால் நிற்க ஆளில்லாவிட்டால் பெரியவர்களே தாக்குப்பிடிப்பதில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து 2012இல் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் இலவசப் படிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் தலைசிறந்த பேராசிரியர்களின் பாடம். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100க்கு ஏறக்குறைய 3 பேர். விரும்பிச் சேர்ந்த, வயது வந்தவர்களின் கணக்கு இது. வைத்திக்குப்பத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையனிடம் மட்டும் நாம் அதிகம் எதிர்பார்க்கலாமா?

எதிர்பார்த்தோம், 2020இல். மார்ச்சில் பள்ளிகள் மூடின. வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போனது. வீட்டில் கைபேசி ஒன்று. அதையும் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப்போய்விடுவார். இரவு அவர் வந்த பிறகுதான் பாடம் இறங்கும். 2021 செப்டம்பரில் பொருளியலாளர்கள் ழான் த்ரேஸ், ரீதிகா கேரா ஆகியோர் அங்கம் வகித்த குழு 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறக்குறைய 1,400 ஏழைப் பிள்ளைகளை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், இணையவழி ஒழுங்காகப் படித்தவர்கள் நகரத்தில் 24 விழுக்காடு, கிராமத்தில் 8 விழுக்காடு. கிராமத்துப் பிள்ளைகளில் 37 விழுக்காட்டினர் எதையுமே படிக்கவில்லை. பள்ளி அடைபட்டதால் பாடம் மட்டும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1930லேயே, பள்ளியில் மதிய உணவு தொடங்கிய ஊர் இது. வகுப்பறையோடு அந்தத் தட்டும் சேர்ந்தே மூடியது.

ஒரு விவரம் என் மனதில் நிற்கிறது. 2020 அக்டோபரில் புதுச்சேரியில் பள்ளிக் கதவுகள் மெல்லத் திறந்தபோது, 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் ‘சந்தேகம் கேட்க’ வரலாம் என்பதுதான் முதல் அனுமதி. பாடத்தைத் திரை தந்துவிட்டது, சந்தேகத்துக்கு ஆள் வேண்டும் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். அடுத்த ஆண்டு அக்டோபர் 27 அன்று, இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் மரக்காணம் வட்டாரத்தில்தான் தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். அந்த அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அது இருந்தும் தெருத் தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியிருந்தது.

இனி முத்தியால்பேட்டைப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு நடத்தும் ஆசிரியை ஒருவரைப் பற்றி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “ராத்திரி பத்து மணிக்கு மேல நானும் யூடியூப்தான் சார் பார்க்கிறேன். புதுப் புத்தகத்தில சில பாடம் எனக்கே புதுசு. அதுல என்ன வெட்கம்?” என்றார். மேசையில் ஏழாம் வகுப்பு நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

தசம எண்கள். 0.5, 0.35 – எது பெரியது? பயிற்சிப் பக்கத்தில் பையன் சரியாக எழுதியிருந்தான். 0.5க்குக் கடைசியில் ஒரு சைபர் சேர்த்து 0.50 ஆக்கி, ஒப்பிட்டு, கீழே கோடு போட்டு, வீடியோவில் வருகிற மாதிரியே எழுதியிருந்தான். நாலு நாள் கழித்து வைத்த சின்னத் தேர்வில் அதே கணக்குக்கு 0.35தான் பெரியது என்று எழுதியிருந்தான்.

“வீடியோவை மூணு தடவ பார்த்தேன் மிஸ்னு சொல்றான். பார்த்திருப்பான், பொய் சொல்ற பையன் இல்ல. முப்பத்தஞ்சு, அஞ்சைவிடப் பெருசு தானே மிஸ்ங்கறான். அவன் கண்ணுக்குப் புள்ளியே தெரியல சார். வீடியோ சொன்ன வழியை மனப்பாடம் பண்ணிட்டான்.”

“என்ன செய்தீர்கள் டீச்சர்?”

“அவங்கம்மா பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க. லீவு நாள்ல இவன்தான் தராசுப் பக்கம் நிப்பான். உங்கம்மா அரைக் கிலோ போட்டா மிஷின்ல என்ன வரும்டான்னு கேட்டேன். பாயின்ட் அஞ்சு சைபர் சைபர்னான். முன்னூத்தம்பது கிராமுக்கு? பாயின்ட் மூணு அஞ்சு சைபர். எந்த மீனுக்குக் காசு கூட வாங்குவேன்னேன். அப்படியே என்னைப் பார்த்துட்டு, நோட்டை வாங்கி அவனே அடிச்சுத் திருத்திட்டான்.”

எலக்ட்ரானிக் தராசு அந்தப் பையனுக்குத் தினமும் காட்டிக்கொண்டிருந்த மூன்று இலக்கத்தைப் பாடத்தோடு கோக்க, இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவன் எந்த இடத்தில் பிசகினான் என்பது ஒன்று. அவன் அம்மா மீன் விற்கிறார், அவன் தராசருகே நிற்கிறான் என்பது இன்னொன்று. முதலாவதை, இன்று வளர்ந்துவரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடும். தப்பான விடைகளின் போக்கைப் பார்த்து எங்கே குழப்பம் என்று ஊகித்துச் சொல்லும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த ஆசிரியைக்கே அது உதவும். இரண்டாவது, ஒரே தெருவில், ஒரே பள்ளியில், பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பழகியதால் வருகிற அறிவு. நெல்லித்தோப்புத் தகப்பனாருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பாடம் நடத்துவது என்ற வேலையில் பாதியை வாத்தியார் கையிலிருந்து திரை வாங்கிக்கொண்டது உண்மை. மிச்சமிருக்கும் பாதி, உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்ப்பது. முன்பு அதற்கு நேரமில்லை, கரும்பலகைக்கே மணி போதாமல் இருந்தது. இப்போது அதுதான் முழு வேலையாக ஆகியிருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு இது புதிய சிந்தனையும் கிடையாது. அரவிந்தர் இங்கு வந்திறங்கியது 1910 ஏப்ரலில். அதற்குச் சற்று முன்பு கல்கத்தாவில் ‘கர்மயோகின்’ இதழில் எழுதிய கல்விக் கட்டுரைகளில், ஆசிரியர் வேலை வாங்குகிறவரோ அறிவை ஊற்றுகிறவரோ இல்லை, கூட நின்று வழிகாட்டுகிறவர் என்ற கருத்தை முன்வைத்திருந்தார். 1943 டிசம்பர் 2 அன்று அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை சுமார் 20 பிள்ளைகளுடன் தொடங்கிய ஆசிரமப் பள்ளி அந்த வழியில் வளர்ந்தது. பட்டமும் சான்றிதழும் தராமல், பிள்ளை தன் வேகத்தில் போகலாம் என்ற ஏற்பாட்டை அங்கே பல பத்தாண்டுகளாகப் பார்க்கிறோம். அதைப் போற்றுகிறேன். ஆனால் கைக்கு அடக்கமான எண்ணிக்கையில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூட நிற்பது எளிது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற அரசுப் பள்ளி அறையில் அதைச் செய்ய என்ன வழி என்பதே நம் கேள்வி.

அரசுப் பள்ளி என்றதும் பாரதிதாசனைச் சொல்லாமல் போக முடியாது. பெருமாள் கோவில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். பார்க்க வருகிறவர்கள் கவிஞரைத் தேடி வருகிறார்கள். அவர் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் தமிழாசிரியர் வேலை பார்த்தவர் என்பது பலருக்கு ஒரு குறிப்பு மட்டுமே. 1915இல் வில்லியனூரில் பிறந்த ஒரு பையன் சிறுவயதில் அவரிடம் படித்தான். பின்னாளில் வாணிதாசன் என்ற பெயரில் கவிஞனானான். அவனும் ஆசிரியர் வேலைக்கே போனான். அந்தப் பெயரில் பாதி வாத்தியாரின் பெயரிலும் உண்டு. புத்தகத்தில் இருந்த தமிழை வேறு யாரும் சொல்லித்தந்திருக்கலாம். இந்தப் பையனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய ஆசிரியருக்கு அப்படி உட்கார எங்கே நேரம் இருக்கிறது? முத்தியால்பேட்டை ஆசிரியை தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். வகுப்புக்கு ஒரு குழு, பெற்றோருக்கு ஒன்று, தலைமையாசிரியர் குழு, பயிற்சிக்கு ஒன்று, திட்டங்களுக்குத் தனித்தனியாக. வருகையை இணையத்தில் ஏற்ற வேண்டும், பயிற்சி வீடியோவைப் பார்த்து முடித்துச் சான்றிதழ் இறக்க வேண்டும், நிகழ்ச்சி நடந்தால் புகைப்படம் அனுப்ப வேண்டும். பாடம் நடத்தும் சுமையைக் குறைக்க வந்த அதே திரை, பதிவேற்றும் சுமையாகத் திரும்பி வந்து அவர் தலையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வாத்தியார் வேண்டாம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவர் பிள்ளையைப் பார்க்க முடியாதபடி மட்டும் செய்துவிடுகிறோம். பிறகு, வாத்தியாரால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

ஸ்மார்ட் போர்டு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நன்றாகவே பயன்படுத்துகிறார். கோண அளவும் சமச்சீரும் நடத்தும்போது அதைப்போல வசதி வேறில்லை என்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் ஒரு பீரியட். பாடம் எடுக்க வேண்டாம், எதையும் பதிவேற்ற வேண்டாம். நோட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு, ஐந்தாறு பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, எங்கே தப்பு வந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க ஒரு பீரியட். மீதிப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வீடியோ பார்க்கட்டும். அதற்குத்தானே அது இருக்கிறது என்றார்.

கால அட்டவணையில் இதற்கு இடம் ஒதுக்கப் புதிய கட்டடமோ புதிய டெண்டரோ தேவையில்லை. கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் நாளைக்கே தொடங்கலாம். பதிவேற்றும் வேலையை அலுவலகப் பணியாளர் ஒருவரிடம் கொடுத்தால் போதும். அந்தப் பணியாளர் இடம் பல பள்ளிகளில் ஏன் காலியாக இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் மீது அந்தச் சுமை எப்படி விழுகிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)